ஈரலில் இரண்டு கறுப்பு

1989 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணி நாற்பது நிமிடம். விடியற்காலையில் பிடித்த மழை இன்னும் விட்டிருக்கவில்லை. எம்.ஆர்.ஐ. அறை இருந்த கீழ்த்தளத் தாழ்வாரத்தில் குடைகள் விரித்தபடி கிடந்தன. பதினேழு குடைகள். அத்தனையிலிருந்தும் தண்ணீர் வடிந்து தரையில் ஓடிக்கொண்டிருந்தது. யாராவது வழுக்கி விழப்போகிறார்கள் என்று முணுமுணுத்தபடி சுவரோரமாக நடந்தேன். என் கையில் ஒரு பாட்டில் இருந்தது. அது விழுந்தால் சிங்கப்பூரில் இன்னொன்று கிடையாது.

மருந்தகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு முதலில் அந்த பாட்டிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இன்று நீங்கள் நானோ துகள் என்கிறீர்கள். அன்று அந்தச் சொல் எங்கள் நாக்குக்குப் பழகியிருக்கவில்லை. இரும்பு ஆக்சைடின் மிக மிகச் சிறிய துகள்கள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாதபடி சர்க்கரை இனத்துப் பொருளொன்றால் உறை போட்டவை. குளுக்கோஸ் நீரில் கலந்தால் காப்பிக்கடையில் பால் ஊற்றாமல் தருவார்களே, அந்த நிறம் வரும். அதனால் எங்களுக்குள் அதன் பெயர் கோப்பி-ஓ.

அதைக் கை நரம்பில் மெதுவாகச் சொட்டவிட்டால் ரத்தத்தோடு கல்லீரலுக்குப் போய்ச் சேரும். நல்ல ஈரலில் குப்பை கூட்டும் வேலைக்கென்றே உயிரணுக்கள் இருக்கின்றன. அவை துகள்களை விழுங்கிவிடும். இரும்பு தங்கிய இடம் எம்.ஆர்.ஐ. படத்தில் கறுத்துப்போகும். புற்றுக்கட்டியில் அந்த உயிரணுக்கள் இல்லாததால் அங்கே இரும்பு தங்காது. கறுத்த ஈரலின் நடுவில் கட்டி மட்டும் வெள்ளையாகத் தெரியும். கறுப்பு நல்லது, வெள்ளை கெட்டது. எங்கள் மருத்துவமனையில் இந்த ஆய்வைத் தொடங்கியபோது எங்களுக்குச் சொன்ன பாடம் அவ்வளவுதான். இத்தனை சுலபமாகப் புரிந்துவிடும் பாடங்களை நான் நம்புவதில்லை. அன்றைக்கும் நம்பவில்லை.

அன்று படுத்திருந்தவரை பிலோமினா என்று அழைக்கிறேன். பெயரை மாற்றியிருக்கிறேன். நாற்பத்தாறு வயது, கிளமெண்டியில் வீடு. கணவர் அந்தோணி ஜூரோங்கில் கப்பல் பட்டறையில் ஃபோர்மன். முந்தைய ஆண்டு பிலோமினாவுக்குப் பெருங்குடலில் புற்று என்று வெட்டி எடுத்திருந்தார்கள். இப்போது ஈரலின் வலது பக்கத்தில் இரண்டு கட்டிகள். வலது பகுதியை வெட்டி எடுத்துவிட்டால் மிச்சமுள்ள இடது பகுதி வளர்ந்து ஈடுகட்டும், பிழைத்துக்கொள்வார் என்றார் அறுவை மருத்துவர். ஆனால் இடது பக்கத்தில் எதுவுமே இருக்கக்கூடாது. அங்கே ஒன்று ஒளிந்திருந்து, அது தெரியாமல் வலதை எடுத்துவிட்டால், மிஞ்சிய சிறு ஈரலையும் அது தின்றுவிடும். வேறு படங்களில் இடது பக்கம் உறுதியாகத் தெரியவில்லை. ஆகவே எங்களிடம் அவர் கேட்டது ஒரே கேள்வி: இடது பக்கம் சுத்தமா? வியாழக்கிழமை அறுவைக்கு அறையும் ஒதுக்கியாகிவிட்டது.

எம்.ஆர்.ஐ. அறையில் எங்கள் முறை இப்படி: முதலில் துகள் ஏற்றாமல் ஒரு படம். பிறகு துகளை ஏற்றி இன்னொரு படம். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். இயந்திரத்தின் நேரம் வீணாகிவிடக்கூடாது என்று, முதல் படம் எடுக்கும் முன்பே நான் குப்பியைத் திறந்து குளுக்கோஸில் கலந்து கொண்டுவந்துவிட வேண்டும். கலந்துவிட்டால் அன்று மாலைக்குள் ஏற்றியாக வேண்டும், இல்லாவிட்டால் கொட்ட வேண்டும். அன்று நான் திறந்தது எங்களிடமிருந்த கடைசிக் குப்பி. ஆய்வில் அன்று வேறு நோயாளியும் இல்லை.

படம் எடுக்கும் சுசீலா, காந்த அறைக்குள் யார் போனாலும் உடம்பிலிருக்கும் உலோகத்தையெல்லாம் வாங்கிவைத்துவிடுவாள். நம் பெண்கள் விஷயத்தில் அவளுக்குத் தனிப் பயிற்சி உண்டு. தாலிச் சங்கிலியில் ஊக்கு மாட்டி வைத்திருப்பார்கள். வளையலில் ஒன்று தொங்கும். சேலையில் எத்தனை என்று அவர்களுக்கே தெரியாது. பிலோமினாவிடமிருந்து ஐந்து ஊக்கு வாங்கினாள். புறா பொறித்த தாலியை அந்தோணி வாங்கி உள்ளங்கையில் பொத்திக்கொண்டு தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார்.

முதல் படம் திரையில் வந்தது. வலது ஈரல் சாம்பல் நிறத்தில் தெளிவாகத் தெரிந்தது. இடது ஈரலும் அதை ஒட்டி இரைப்பையும் இருக்க வேண்டிய இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்புக் குழி.

படம் பார்ப்பவர் எங்கள் கதிரியக்க மருத்துவர். யாழ்ப்பாணத்துக் குடும்பம், மூன்று தலைமுறையாகச் சிங்கப்பூர். எங்களிடம் எப்போதும் ஆங்கிலம்தான் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் தமிழ் வரும். கெட்டிக்காரர், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

"காற்று," என்றார் ஆங்கிலத்தில். "இரைப்பையில் காற்று நிற்கிறது. வெறும் வயிற்றோடு வந்தால் இப்படித்தான். கோப்பி-ஓவை ஏற்றலாம்."

சுசீலா என்னிடம் கை நீட்டினாள். நான் பாட்டிலைக் கொடுக்கவில்லை. திரைக்கு இன்னும் பக்கத்தில் போனேன்.

அந்தக் குழியின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு வளைவு இருந்தது, பிறை மாதிரி. அதன் பக்கத்திலிருந்த விலாவின் கோடும் நெளிந்திருந்தது. இதை நான் எங்கோ பார்த்திருந்தேன். ஆய்வு தொடங்குவதற்கு முன், துகள் கரைசலை வெவ்வேறு அடர்த்தியில் எட்டுச் சீசாக்களில் ஊற்றி, தட்டில் அடுக்கி, இதே இயந்திரத்தில் படம் எடுத்தோம். மிக அடர்த்தியான சீசா தான் மட்டும் கறுக்கவில்லை. பக்கத்துச் சீசாக்கள் இரண்டையும் சேர்த்து விழுங்கிவிட்டு, ஓரத்தில் இதே பிறையை விட்டிருந்தது. காற்றும் கறுப்பாகத் தெரியும்தான். ஆனால் காற்று இவ்வளவு தூரம் பக்கத்தைப் பிடித்து இழுக்காது.

"டாக்டர், இது காத்து இல்ல. இரும்பு," என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். தமிழுக்கு வந்துவிட்டார்.

"இரும்போ? நீர் இன்னும் ஏத்தவே இல்லையே காணும். போத்தல் உம்மட கையிலதானே இருக்கு?"

"அதனாலதான் சொல்றேன். என் இரும்பு என் கையில இருக்கு. இது வேற யாரோட இரும்போ."

"பகிடி விட இதுவோ நேரம்? பத்து மணிக்கு அடுத்த ஆள் வருது. மிசினுக்கு மணித்தியாலத்துக்கு என்ன காசு தெரியுமோ உமக்கு? கெதியாத் தாரும்."

"ஏத்தினா என்ன ஆகும் டாக்டர்? நல்ல ஈரல் கறுத்துடும். இந்தக் குழி ஏற்கெனவே கறுப்பு. ரெண்டு கறுப்பும் ஒண்ணா கலந்துடும். இடது பக்கம் பூராக் கறுத்திருக்கு, சுத்தமா இருக்குன்னு நீங்களே எழுதிடுவீங்க."

"நான் எழுதமாட்டன்."

"இப்பவே காத்துன்னு சொல்லிட்டீங்களே."

சொன்ன பிறகுதான் சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது. சுசீலா தலையைக் குனிந்து பொத்தான்களைத் துடைத்தாள். மருத்துவர் முகம் சிவந்தது. நான் பாட்டிலை இடது கைக்கு மாற்றிக்கொண்டேன், அவர் உட்கார்ந்திருந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கம்.

இளைய நண்பர்களே, அவர் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். அன்று அந்த அறையில் எல்லோருக்கும் அவசரம். அறுவை மருத்துவருக்கு வியாழக்கிழமை, இயந்திரத்துக்குப் பத்து மணி, என் பாட்டிலுக்கு மாலை. எல்லா அவசரமும் சேர்ந்து ஒரே பக்கமாகத் தள்ளும்போது, கண் தனக்கு வேண்டியதைப் பார்த்துவிடுகிறது. கறுப்பு நல்லது என்று ஏற்கெனவே பழகிய கண்கள் எங்களுடையவை.

சுசீலாதான் முதலில் எழுந்தாள். "அண்ணே, நான் ஊக்கு எதையாச்சும் விட்டுட்டேனா? இன்னொரு வாட்டி பாத்துடுறேன்."

பிலோமினாவை வெளியே இழுத்து, தலைமுடியிலிருந்து கால் மெட்டி கழற்றிய விரல் வரை தடவிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. பழைய அறுவையில் வைத்த உலோகம் ஏதாவது உள்ளே இருக்குமோ என்று மருத்துவர் பழைய அறிக்கையைத் தேடினார். அந்த அறுவை நடந்தது அடிவயிற்றில். இங்கே ஒன்றும் கிடையாது.

நான் சுவரிலிருந்த தொலைபேசியை எடுத்து மருந்தகத் தலைவியைக் கூப்பிட்டேன். சீனப் பெண்மணி, என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எனக்கு இந்தத் தொழிலில் தெரிந்ததில் பாதி அவர் திட்டிய திட்டில் கற்றது. நடந்ததைச் சொன்னேன். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை இங்கே தமிழில் தருகிறேன்; வாக்கிய முடிவில் வரும் சிங்கப்பூர் 'லா'வை மட்டும் அப்படியே விடுகிறேன்.

"பாட்டில் இப்போ யார் கையில?"

"என் கையில."

"அப்போ என்னை ஏன் கேக்கிற? கையில வெச்சிருக்கிறவன்தான் முடிவு எடுக்கணும் லா. ஏத்துன்னு நான் சொல்லி ஏதாவது ஆனா, 'அவங்க சொன்னாங்க'ன்னு சொல்லுவே. ஏத்தாதேன்னு சொன்னாலும் அதையேதான் சொல்லுவே. வெச்சிடுறேன்."

வைத்துவிட்டார். எனக்கு அப்போது கோபம்தான் வந்தது. ஆனால் யாரும் வந்து என்னைக் காப்பாற்றப்போவதில்லை என்று தெரிந்துவிட்டால் ஒரு நிதானம் வருகிறது.

மருத்துவரிடம் பத்து நிமிடம் கேட்டேன். "ஐஞ்சு," என்றார். அந்த ஐந்து நிமிடத்துக்கு அடகாக, பாட்டிலை அவர் மேசையிலேயே வைத்துவிட்டு, சுசீலாவை அழைத்துக்கொண்டு பிலோமினா படுத்திருந்த தள்ளுவண்டிக்குப் போனேன். தாழ்வாரக் கதவைச் சாத்தச் சொன்னேன்.

வழக்கமான கேள்விகளைச் சுசீலா காலையிலேயே கேட்டிருந்தாள். ஏதாவது சாப்பிட்டீர்களா? இல்லை. மருந்து மாத்திரை? இல்லை. அந்தக் கேள்விகளுக்கு அந்தப் பதில்கள்தான் வரும். ஆமாம் என்றால் திட்டு விழும் என்று எல்லோருக்கும் தெரியும். நான் வேறு விதமாகத் தொடங்கினேன்.

"அக்கா, இன்னிக்குக் காலையில எழுந்ததுலேருந்து ஒண்ணு விடாம சொல்லுங்க பாப்போம்."

"என்ன சார் இது, போலீஸ் மாதிரி? எழுந்தேன். பல்லு வெளக்கினேன். செபம் சொன்னேன். பெரியவனுக்கு ஸ்கூல் யூனிஃபார்ம் அயர்ன் பண்ணேன்."

"அப்புறம்?"

"அவருக்குக் காப்பி போட்டேன். நான் குடிக்கல. தண்ணிகூடக் குடிக்கல. நர்ஸ் படிச்சுப் படிச்சு சொன்னாங்கள்ல."

"நாக்குல ஒண்ணுமே வெக்கலையா?"

அவர் சாத்தியிருந்த கதவைப் பார்த்தார். "தேன் மட்டும்," என்றார். "ஒரு ஸ்பூன். அது சாப்பாட்டுல சேராதுல்ல?"

"சும்மா தேனா?"

அவர் மறுபடி கதவைப் பார்த்தார். சுசீலா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லுங்கக்கா. நாங்க திட்டமாட்டோம். இந்தச் சாரு மூஞ்சிதான் எப்பவும் இப்படி. வேற ஒண்ணுமில்ல."

பிலோமினாவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. "காந்தச் செந்தூரம்," என்றார். "சிராங்கூன் ரோட்டுப் பக்கத்துல நாட்டு மருந்துக்கடையில வாங்கினது. ரத்தம் ஊறும்னு நாத்தனார் சொன்னாங்க. மூணு வாரமா சாப்பிடுறேன். வெறும் வயித்துல, தேன்ல கொழச்சு."

"தினமும் எவ்வளவு?"

"ஒரு சிட்டிகை. இன்னிக்கு மட்டும் கொஞ்சம் கூட. பெரிய மெஷின்ல படுக்கப்போறோமே, தெம்பு வேணும்லன்னு நாலு சிட்டிகை போட்டேன்."

காந்தச் செந்தூரம் என்றால் என்னவென்று உங்களில் பலருக்குத் தெரியாது. காந்தக் கல்லைச் சுத்தம் செய்து, அரைத்து, புடம் போட்டு எடுக்கும் சிவந்த தூள். அதுவும் இரும்பு ஆக்சைடுதான். என் பாட்டிலில் இருந்த சாமானுக்கு முறைப்பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்னுடையது பொடியிலும் பொடி, உறை போட்டது, ரத்தத்தில் மிதந்து ஈரலுக்குப் போவது. அவருடையது அதைவிடப் பருமனானது, இரைப்பையில் தேனோடு அப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வெறும் வயிற்றோடு வரச் சொன்னோம். வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டிய மருந்தை அதற்காகவே சரியாகச் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார்.

"அவருக்குத் தெரிய வேணாம் சார்," என்றார் பிலோமினா. என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். "போன தடவை மூலம்னு நெனச்சு நாட்டு மருந்துலயே ஆறு மாசம் ஓட்டிட்டேன். அதுக்கப்புறந்தான் கேன்சர்னு தெரிஞ்சுது. இனிமே தொடமாட்டேன்னு கோயில்ல மாதா முன்னாடி வெச்சு சத்தியம் வாங்கினாரு. தெரிஞ்சா என்னைத் திட்டமாட்டாரு. அதான் பயம். பேசாம இருந்துடுவாரு."

சொல்லமாட்டேன் என்றேன். யோசிக்காமல் சொன்ன வாக்குதான். ஆனால் யோசித்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். அவர் உடம்பைப் பற்றி அவர் என்னிடம் சொன்னது அவருடையது.

மருத்துவரிடம் பேச்சால் காரியம் நடக்காது என்று எனக்குத் தெரியும். பிலோமினாவின் சம்மதத்தோடு அவர் கைப்பையிலிருந்து பொட்டலத்தைச் சுசீலா எடுத்து வந்தாள். வெள்ளைத் தாளில் ஒரு சிட்டிகை கொட்டினேன். வெளி அறை அறிவிப்புப் பலகையில் தாள் பிடிக்க வைத்திருந்த பொத்தான் காந்தமொன்றைக் கழற்றி, தாளுக்கு அடியில் பிடித்தேன். தூள் முள் முள்ளாக எழுந்து நின்றது. காந்தத்தை நகர்த்தினால் கூடவே நகர்ந்தது.

மருத்துவர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்தார். "எங்கட அம்மாவும் இதைத்தானே தந்தவ," என்றார் மெல்ல.

அதோடு முடிந்தது என்று நினைப்பீர்கள். கஷ்டமான கட்டம் இனிமேல்தான். மருத்துவர் நேர்மையானவர், ஆனால் கையில் கலந்த மருந்து, ஒதுக்கிய அறை, காத்திருக்கும் அறுவை மருத்துவர். "இப்ப ஏத்தினா வலது பக்கமாவது வடிவாத் தெரியும்," என்றார். "ஒண்டுமில்லாததுக்கு அது பரவாயில்லைத்தானே? மருந்தைக் கொட்டுறதோ?"

இந்த இடத்தில்தான் உங்களில் பலர் சறுக்குவீர்கள். பாதிப் பதில், பதிலே இல்லாததைவிட ஆபத்தானது. வலது பக்கம் நன்றாகத் தெரிகிறது என்று ஓர் அறிக்கை போனால், அறுவை அறையில் அதை வாசிப்பவர் இடது பக்கத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே, அப்படியானால் ஒன்றுமில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார். வியாழக்கிழமை அவர் கையில் கத்தி இருக்கும். சந்தேகம் இருக்காது.

"டாக்டர், சர்ஜன் கேட்டது இடது பக்கம்," என்றேன். "வலது பக்கம் கேக்கல. கேக்காத கேள்விக்குப் பதில் சொல்ல என்கிட்ட இருந்த கடைசி மருந்தைத் தரமாட்டேன். எழுத்துல வேணும்னா எழுதித் தர்றேன், நான்தான் நிறுத்தினேன்னு."

அவர் மேசையிலிருந்த பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார். "எழுதத் தேவையில்லை," என்றார். "ரெண்டு பேரும்தான் நிறுத்தினது." அறுவை மருத்துவரை அவரே தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னார். காரணம் என்று சொன்னது: வயிற்றில் உணவுப் பொருள், படம் தெளிவில்லை.

அந்தோணியிடம் யார் சொல்வது? பாட்டில் என்னுடையது என்பதால் அதை எடுத்துக்கொண்டு நான் போனேன். அவர் எழுந்து நின்றார். தாலியைப் பொத்தியிருந்த கை மார்போடு ஒட்டியிருந்தது.

"இன்னிக்குப் படம் சரியா வரல. அடுத்த செவ்வாய்க்கிழமை மறுபடி எடுக்கணும். ஆப்பரேஷனும் தள்ளிப்போகும்."

"ஏன்?"

"வயித்துல ஏதோ மறைக்குது."

"ஒண்ணுமே சாப்பிடலையே அவ? நான்தான் கூட இருந்தேன். பச்சத் தண்ணி குடிக்கல." என் கையைப் பார்த்தார். "அந்த பாட்டில்தானே போடுறதா இருந்துச்சு? ஏன் போடல? அதுல ஏதாவது கோளாறா?"

"பாட்டில்ல ஒண்ணுமில்ல."

"அப்போ ஏன் போடல? கலந்து கொண்டாந்துட்டுத் தப்புன்னு தெரிஞ்சுதா? சொல்லுங்க சார், நான் தெனமும் முப்பது பேரை வெச்சு வேலை வாங்குறவன். தப்பை மறைக்கிற மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

தெரிந்திருக்கத்தான் வேண்டும். நான் மறைத்துக்கொண்டுதானே இருந்தேன்? "ஒரு வாரம் பொறுங்க," என்றேன். 

"ஒரு வாரமா? அவ உள்ள வளர்றது ஒரு வாரம் லீவு எடுக்குமா?"

 அந்த வாரம் முழுக்க அதே கேள்வியைத்தான் நானும் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். மாலையில் பாட்டிலை விதிப்படி கழிவில் கொட்டினேன். கோப்பி-ஓ நிறம் தொட்டியில் கொஞ்ச நேரம் நின்றது.

புதுக் குப்பி வேண்டும். இதே ஆய்வில் சேர்ந்திருந்த ஆஸ்திரேலிய மருத்துவமனை ஒன்றில் ஒன்று மிச்சமிருந்தது. கெஞ்சி, தந்தி மாதிரி சுருக்கமாக நான்கு முறை தொலைநகல் அனுப்பி, விமானத்தில் வரவழைத்தேன். சனிக்கிழமை வந்து சேர்ந்தது.

செவ்வாய்க்கிழமை முறையை மாற்றினோம். முதல் படம் வரும்வரை குப்பியைத் திறக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இயந்திரம் இருபது நிமிடம் சும்மா நின்றால் நிற்கட்டும் என்றார் மருத்துவரும். முதல் படத்தில் இரைப்பை இரைப்பையாக இருந்தது, இடது ஈரல் ஈரலாக இருந்தது. இடைப்பட்ட வாரத்தில் செந்தூரத்தைத் தொடமாட்டேன் என்று சொன்ன சொல்லைப் பிலோமினா காப்பாற்றியிருந்தார். மருந்தகத்துக்கு ஏறி, கலந்து, இறங்கினேன். ஏற்றத் தொடங்கிய சில நிமிடங்களில், "சார், இடுப்பு இழுக்குது," என்றார். துகள் வேகமாகப் போனால் சிலருக்கு அப்படி வரும். அதை அஞ்சி நிறுத்திவிடுவதும் தப்பு, பொறுத்துக்கொள்ளச் சொல்வதும் தப்பு. சொட்டை மெதுவாக்கி, பக்கத்திலேயே நின்றேன். வலி போனது. மெதுவாகவே ஏற்றி முடித்தோம்.

இரண்டாம் படம் வந்தது. ஈரல் கறுத்திருந்தது. வலதில் எதிர்பார்த்த இரண்டு வெள்ளை. இடது பக்கமும் கறுப்பு, ஒரே சீராக. நான் மூச்சு விடப் போனேன்.

"பொறும்," என்றார் மருத்துவர். அடுத்த வெட்டுப் படத்துக்குப் போனார். அடுத்ததற்கு. இரைப்பையை ஒட்டிய ஓரத்தில், போன வாரம் அந்தக் குழி இருந்த அதே இடத்தில், பச்சைப்பயறு அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி.

கோபமே வராத ஒரு நாளில் அவர் தமிழில் பேசியதை அன்றுதான் கேட்டேன். "நல்ல காலம் காணும்," என்றார். அவ்வளவுதான்.

அறுவை மருத்துவர் திட்டத்தை மாற்றினார். வலதில் அவர் முதலில் நினைத்த அளவுக்கு எடுக்காமல் கட்டிகளைச் சுற்றி மட்டும் எடுத்து, இடதிலிருந்த புள்ளியையும் தோண்டி எடுத்தார். முதல் திட்டப்படி போயிருந்தால், கெட்டது ஒளிந்திருந்த பக்கத்தை மட்டும் உள்ளே வைத்துத் தைத்திருப்பார்கள். பிலோமினா அதற்குப் பிறகு பதினோரு ஆண்டுகள் இருந்தார்.

அதன் பிறகு நோயாளியிடம் கேட்கும் கேள்விப் பட்டியலில் ஒரு வரி சேர்த்தோம். 'மருந்து சாப்பிடுகிறீர்களா' என்று கேட்பதோடு நிறுத்தாமல், 'காலையில் எழுந்ததிலிருந்து நடந்ததைச் சொல்லுங்கள்' என்று கேட்கச் சொன்னோம். நீங்களும் அப்படிக் கேளுங்கள். பதிலுக்கு நேரம் கொடுங்கள். கதவைச் சாத்திவிட்டுக் கேளுங்கள். கையில் பாட்டில் இருக்கும்போது உங்களுக்குப் படத்தில் ஒன்று புரியவில்லை என்றால், புரியும்வரை பாட்டில் உங்களுடையது. அனுபவத்தில் பெரியவர் அதட்டினாலும் சரி. அதட்டுகிறவர் பல நேரம் சரியாகவே இருப்பார். அவர் சரியாக இருக்கும் நாளில் நீங்கள் இழப்பது கொஞ்சம் நேரமும் கொஞ்சம் மானமும்தான்.

அறுவை முடிந்த மாதம் கணக்குப் பிரிவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. முதல் படத்துக்கான செலவை ஆய்வு ஏற்காது. நோயாளி அறிவுறுத்தலின்படி தயாராகி வராததால் அதையும், மருந்து வரவழைத்த விமானச் செலவையும் நோயாளியின் பெயரில் அனுப்பப்போகிறோம், காரணத்தை ரசீதில் குறிப்பிட என்ன உட்கொண்டார் என்று மருந்தகம் எழுதித் தரவும் என்றார்கள். அந்த ரசீது கிளமெண்டி வீட்டுக்குப் போகும். உறையைப் பிரிப்பது அந்தோணியாக இருக்கும்.

நான் கணக்குப் பிரிவுக்கு நேரில் போனேன். கலந்த மருந்தை ஏற்றாமல் நிறுத்தியது என் முடிவு, செலவும் என்னுடையது என்றேன். அங்கிருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உங்க தப்புன்னு எழுதட்டுமா அங்கிள்?" என்றாள். எழுதம்மா என்றேன்.

பரிசோதனைக்கு வரும்போதெல்லாம் பிலோமினா என்னைப் பார்த்துத் தலையசைப்பார். அந்தோணி ஒரு தடவைகூட என்னோடு பேசவில்லை. பாட்டிலைக் கெடுத்துவிட்டு ஒரு வாரம் வீணாக்கிய ஆள் என்றே கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தார். அதை மாற்ற நான் எதுவும் செய்யவில்லை. இயந்திர நேரமும் விமானச் செலவும் சேர்த்து, இரண்டு தவணையாக என் சம்பளத்தில் பிடித்துக்கொண்டது அறுநூற்று எண்பத்து நான்கு வெள்ளி எழுபது காசு.